அவசர சமோசா

கதாசிரியர்கள் எழுதும் வாக்கியங்களுக்குள்ளே மிகப் பெரிய பொய் எது என்று யாராவது என்னைக் கேட்டால், கொஞ்சமும் தயங்காமல் ஒன்றைச் சொல்லுவேன். "அவள் உள்ளே போனாள்; சற்று நேரத்துக்கெல்லாம் சூடான சிற்றுண்டியுடன் திரும்பி வந்தாள்" என்பதுதான் அது.

இந்த வாக்கியத்தை என் நாவல்களில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று நான் கணக்கெடுத்ததில்லை. கதையில் இரண்டு ஆண்கள் தனியாக ஏதோ பேசியாக வேண்டியிருக்கும். நிலத் தகராறோ, கல்யாணப் பேச்சோ, கடன் விவகாரமோ. அந்தச் சமயத்தில் கூடத்தில் நிற்கும் பெண்ணை எங்கேயாவது அனுப்பி வைக்க வேண்டும். சமையலறை இருக்கவே இருக்கிறது! உள்ளே அனுப்பினால், பேச்சு முடிகிற சமயத்தில் தட்டோடு வந்துவிடுவாள். எழுதுகிறவனுக்கு எவ்வளவு சௌகரியம், பாருங்கள்!

என் வீட்டிலும் இந்த ஏற்பாடு 44 வருஷங்களாக ஒழுங்காக நடந்து வந்தது. 1979-ல் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. திருச்சியில் குடியேறின நாள் முதலாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நண்பர்கள் வருவார்கள். ஒரு வக்கீல், ஒரு கல்லூரி ஆசிரியர், பாங்கியில் வேலை பார்த்துக்கொண்டே கவிதை எழுதுகிறவர் ஒருவர், இப்படி நாலைந்து பேர். பேச்சு சூடு பிடித்து முக்கால் மணி நேரத்துக்குள் சமோசா வந்துவிடும். "அடடா! எப்படியம்மா இவ்வளவு சீக்கிரம்?" என்று வக்கீல் கேட்பார். "அதெல்லாம் அவசர சமோசாதானே!" என்று நான் பதில் சொல்லுவேன். கேட்டது அவளை, பதில் சொன்னது நான். இதில் எனக்கு ஒரு விகல்பமும் தோன்றியதில்லை.

2023-ம் வருஷம் ஐப்பசி மழையில் கொல்லைப்புறப் படியில் என் மனைவி சறுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரத்துக்குக் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். சமையலுக்கு ஓர் அம்மாள் காலையில் வந்து இருவேளைக்கும் செய்து வைத்துவிட்டுப் போவாள். காரியங்கள் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தன.

இரண்டாவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் டெலிபோன் மணி அடித்தது. கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு போய்விட்ட வக்கீல் நண்பர் ஏதோ கல்யாணத்துக்காகத் திருச்சிக்கு வந்திருக்கிறாராம். அவரைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. "சாயங்காலம் ஐந்து மணிக்கு வரலாமா?" என்றார்.

"தாராளமாய் வாருங்கள். சமோசா தயாராய் இருக்கும்!" என்றேன்.

சொல்லிவிட்டு டெலிபோனை வைத்தேன். எதிரே மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருந்தாள். பழக்கம் என்பது எவ்வளவு பொல்லாதது என்பதை அந்த நிமிஷத்தில் உணர்ந்தேன்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"சொல்லிவிட்டேன்."

"பரவாயில்லை. கடையிலே வாங்கிட்டு வந்துடுங்க."

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் கடைக்கே போயிருப்பேன். கோபிக்காமல் அப்படிச் சொன்னது எனக்கு என்னவோ செய்தது. "நானே செய்கிறேன். நீ உட்கார்ந்து சொல்லு" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "அப்போ இப்பவே ஆரம்பிங்க" என்றாள். மணி ஒன்றே கால்.

"இப்பவேயா? ஐந்து மணிக்கல்லவா வருகிறார்?"

"அதனாலேதான் சொல்றேன்."

சமையலறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தேன். அவள் கையில் மாவுக்கட்டு. என் கையில் மாவு. இப்படித் தொடங்கிற்று என் வித்தியாரம்பம்.

படிக்கிறவர்களில் சிலர் செய்முறையை எதிர்பார்க்கலாம். சொல்லிவிடுகிறேன். இரண்டு கப் மைதாவில் அரை ஸ்பூன் உப்பும் அரை ஸ்பூன் ஓமமும் போட்டு, ஐந்து மேஜைக்கரண்டி எண்ணெயோ உருக்கிய நெய்யோ ஊற்றி, விரல் நுனிகளால் பிசற வேண்டும். ஒரு பிடி மாவை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் பிடித்த பிடியாக நிற்க வேண்டும், அதுதான் பதம். அப்புறம் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத் துணி போட்டு அரைமணி மூடி வைக்க வேண்டும்.

நான் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினேன். மாவு என் பத்து விரல்களையும் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றது. மேலும் மாவு போட்டேன், மறுபடி தண்ணீர், மறுபடி மாவு. எட்டுப் பேருக்கான மாவு தயாராகிவிட்டது.

"எதுக்கு இதை மூடி வைக்கணும்? உடனே தேய்த்தால் என்ன?" என்று கேட்டேன்.

"தேய்ச்சுப் பாருங்க" என்றாள். தேய்த்தேன். ரப்பரைப் போல இழுத்த இடத்துக்கே திரும்பிப் போயிற்று. மைதாவில் உள்ள பசை பிசைந்த வேகத்தில் முறுக்கேறி நிற்கிறது. சற்று ஆறவிட்டால்தான் தளர்ந்து இடம் கொடுக்கிறது. எண்ணெய் பிசறுவதும் அந்தப் பசை அளவுக்கு மீறிப் பிணையாமல் தடுக்கத்தான். அதனால்தான் மேல்புறம் மொறுமொறுவென்று உதிர்கிறது. இதெல்லாம் பின்னால் ஒரு புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது. என் மனைவி சொன்னது ஒரே வார்த்தை: "கோவமா இருக்கிற மாவைத் தொடக்கூடாது."

"சரி, உருளைக்கிழங்கை வேக வைக்கட்டுமா?" என்றேன்.

"வெந்து இருக்கு. பிரிட்ஜிலே கீழ்த் தட்டிலே பாருங்க."

பார்த்தேன். ஒரு கிண்ணத்தில் வெந்த உருளைக்கிழங்கு நாலு, தோலோடு, ஒரு தட்டால் மூடப்பட்டு இருந்தது.

"இது எப்போது வந்தது?"

"காலையிலே அந்த அம்மா குக்கர் வைக்கறப்போ சேர்த்துப் போடச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை ஆச்சே. எப்பவும் நாலு போட்டு வெச்சுடுவேன். யாராவது வருவாங்க."

"எப்பவும் என்றால்?"

"எப்பவும்தான். வந்தா சமோசா. வரலேன்னா திங்கட்கிழமை பொரியல்."

44 வருஷங்களாகத் திங்கட்கிழமைகளில் எத்தனை உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டிருப்பேன்! அது ஏன் திங்கட்கிழமை வருகிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? மனித சுபாவத்தை ஊடுருவிப் பார்க்கும் எழுத்தாளன் என்று ஒரு விமர்சகர் என்னைப்பற்றி எழுதியிருக்கிறார். அவர் பாவம்.

கிழங்கை உரித்து, மசிய விடாமல் கையால் உதிர்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெயில் சீரகம், இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்து, வெந்த பட்டாணி, கிழங்கு, தனியாப் பொடி, கரம் மசாலா, உப்புச் சேர்த்து, தண்ணீரே விடாமல் புரட்டி, கடைசியில் மாங்காய்ப் பொடியோ எலுமிச்சம் சாறோ விட்டு இறக்க வேண்டும். ஆறின பிறகுதான் உள்ளே வைக்கலாம். சூட்டோடு வைத்தால் ஆவி பட்டு மாவு நைந்துவிடும். கடைகளிலும் சினிமாக் கொட்டகைகளிலும் கிடைக்கிற வெங்காயச் சமோசா வேறு ஜாதி. அதன் மேல்தோலை மெல்லிய பட்டைகளாகத் தேய்த்து, தோசைக்கல்லில் அரைப்பதமாக வாட்டி, முக்கோணமாக மடித்து மைதாப் பசையால் ஒட்டுவார்கள். வெங்காயத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள ஒரு பிடி அவல் கலப்பதும் உண்டு.

மசாலா ஆறும் நேரத்தில் என் மனைவிக்குக் கொஞ்சம் என் பாண்டித்தியத்தைக் காட்டினேன். 14-ம் நூற்றாண்டில் மொராக்கோ தேசத்திலிருந்து வந்த இபன் பதூதா என்ற யாத்திரிகர், டில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் விருந்தில் இந்தப் பண்டத்தைச் சாப்பிட்டுவிட்டு எழுதி வைத்திருக்கிறார். கொத்திய மாமிசத்தோடு பாதாம், பிஸ்தா, வெங்காயம், மசாலா எல்லாம் சேர்த்து மெல்லிய மாவில் பொதிந்து நெய்யில் பொரித்திருந்ததாம். உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குகள். கொலம்பஸ் கப்பலேறிய 1492-க்கு முன்னால் இந்த நாட்டில் யாரும் கண்ணால் பார்த்திராதவை. ஆகவே சுல்தானுடைய சமோசாவில் இரண்டும் கிடையாது. அந்த யாத்திரிகர் பிற்பாடு நம் மதுரைக்கும் வந்தார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தானுக்கு அவர் சகலை!

"சுல்தான் வீட்டிலே மாவு பிசைஞ்சது யாருன்னு எழுதியிருக்காரா?" என்று கேட்டாள் என் மனைவி.

நான் மாவைத் திறந்து பார்க்கப் போய்விட்டேன்.

ஓர் உருண்டையை நீள்வட்டமாகத் தேய்த்து, நடுவில் குறுக்கே வெட்டினால் இரண்டு பாதிகள். ஒரு பாதியின் வெட்டின ஓரத்தில் தண்ணீர் தடவி, கடலைப் பொட்டலம்போல் கூம்பாகச் சுருட்டி, மசாலாவை முக்கால்வாசி நிரப்பி, வாயை அழுத்தி மூட வேண்டும். ஓரத்தில் ஓர் இழை இடைவெளி இருந்தாலும் எண்ணெய் உள்ளே புகுந்துவிடும்.

கடலைப் பொட்டலம் என்று சொன்னதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வக்கீல் வந்ததும் அந்த விழுப்புரம் கதையைக் கேட்பார் பார்!" என்றேன்.

அந்தக் கதையை என் நண்பர்கள் எல்லாரும் அறிவார்கள். 1976-ல் என் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளரிடம் கொடுப்பதற்காகத் திருச்சியிலிருந்து ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போனேன். விழுப்புரம் ஜங்ஷனில் காப்பி குடிக்க இறங்கினேன். திரும்பி வந்து பார்த்தால் மூட்டையைக் காணோம்! இரண்டு வருஷ உழைப்பு. வேறு பிரதி கிடையாது. பைத்தியம் பிடித்தவனைப்போல் பிளாட்பாரத்தில் அலைந்தேன். எந்த விருந்தாளி வந்தாலும் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

"அந்த மூட்டை கடைசியிலே கிடைச்சுதா?" என்று கேட்டாள் என் மனைவி.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "என்ன கேள்வி இது? ஐம்பது தடவை கேட்டிருக்கிறாயே!"

"விழுப்புரம் வரைக்கும் கேட்டிருக்கேன். விழுப்புரம் வந்தா எனக்கு எண்ணெய் காஞ்சுடும். உள்ளே போயிடுவேன். திரும்பி வர்றப்போ எல்லாரும் சிரிச்சிட்டிருப்பீங்க. நாவல்தான் அச்சிலே வந்துடுச்சே, எப்படியோ கிடைச்சிருக்கும்னு நினைச்சுக்குவேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேக்கணும்னு நினைப்பேன். பாத்திரம் கழுவறப்போ மறந்துடும்."

அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்குப் பால் கொஞ்சம் தண்ணீராக இருக்கிறது என்று சொல்கிற குரலிலேயே சொன்னாள். நான் அவளுக்குத் தனியாக அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. கூடத்தில் சொல்வது எல்லாம் அவள் காதில் விழும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருப்பது பத்து அடிதான். ஆனாலும் எண்ணெய் கொதிக்கிற சத்தத்தில் பத்து அடிக்கு அப்பால் பேசுவது கேட்காது என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் நின்று பார்த்திருந்தால் அல்லவா தெரியும்?

உடனே சொல்ல வாயெடுத்தேன். "இப்ப வேண்டாம். அடுப்பைப் பாருங்க" என்றாள்.

முதல் ஈடு நாசமாயிற்று. அடுப்பைப் பெரிதாக வைத்து, புகை வருகிற எண்ணெயில் போட்டேன். ஒரு நிமிஷத்தில் மேலெல்லாம் கொப்புளம் கிளம்பிக் கறுத்துவிட்டது. பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சை மாவு. ஒன்றின் வாய் திறந்துகொண்டு பட்டாணிகள் வாணலியில் நீந்தின. நெருப்பைத் தணித்து, எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கும்போதே போட வேண்டுமாம். ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் அது அடியில் கிடந்து, நிதானமாக மேலே எழும்பி வர வேண்டும், அதுதான் கணக்கு. மெதுவாக வெந்தால்தான் மாவிலுள்ள ஈரம் முழுவதும் வெளியேறி, ஓடு மாதிரி மொறுமொறுப்பு ஏறும். ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். வாணலியில் நாலுதான் கொள்ளும். பதினாறு சமோசாவுக்கு நாலு ஈடு. முக்கால் மணி நேரம் நின்றபடி நிற்க வேண்டும்!

"இதற்குப் பெயர் அவசர சமோசாவா?" என்று கேட்டேன்.

"அந்தப் பேர் நீங்க வெச்சதுதானே!" என்றாள். நிஜமாகவே அவசரம் என்றால் மத்தியானம் மிஞ்சின சப்பாத்தியைப் பாதியாக வெட்டி, மைதாப் பசை தடவி, கூம்பாக மடித்துப் பொரிப்பதுண்டாம். ரொட்டித் துண்டுகளின் ஓரத்தை வெட்டிவிட்டு, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மசாலாவை உள்ளே வைத்து உருட்டுவதும் உண்டாம். இரண்டையும் நான் பலமுறை சாப்பிட்டுப் பிரமாதம் என்று சொல்லியிருப்பதாகவும் தெரிவித்தாள்.

சரியாக ஐந்து மணிக்கு வக்கீல் வந்தார். இளைத்துப்போயிருந்தார். என் மனைவியின் கையைப் பார்த்துப் பதறினார். அவளைக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். எண்ணெயைச் சூடாக்கி, நாலு சமோசாவை மெள்ள இறக்கினேன். கூடத்திலிருந்து பேச்சுக் குரல் மட்டும் வந்தது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. முதல் ஈட்டைக் கொண்டு போய் வைத்தேன். வக்கீல் ஒரு வாய் கடித்துவிட்டு, "அட! ஆகிவந்த கைதான்!" என்றார். உட்காரலாம் என்று நினைத்தேன். அதற்குள் அடுத்த ஈடு நினைவுக்கு வந்தது, எழுந்து போனேன்.

இரண்டாவது ஈடு பாதி வெந்துகொண்டிருந்தபோது, "விழுப்புரம்" என்ற வார்த்தை காதில் விழுந்தது. ஜல்லிக் கரண்டியை எண்ணெய்க்கு மேலேயே பிடித்துக்கொண்டு, சமையலறை வாசல்வரை உடம்பை நீட்டிக் காதைக் கொடுத்தேன். வக்கீல்தான் சொல்லிக்கொண்டிருந்தார். என் கதை, அவர் குரல்.

"மனசு ஆறட்டும்னு ஓரணாவுக்குக் கடலை வாங்கினாராம், அம்மா! பொட்டலத்தைப் பிரிச்சா, அவருடைய கையெழுத்து! எவனோ ஒரு பையன் மூட்டையை எடுத்துக் கடலைக்காரன்கிட்டே பழைய காகிதம்னு வித்துட்டான். ஓடிப்போய்ப் பிடிச்சாராம். இரண்டு ரூபாய் கொடுத்தால்தான் மிச்சத்தைத் தருவேன்னுட்டான். கொடுத்தார். 'பத்துப் பக்கம் குறையுதேப்பா'ன்னு கேட்டிருக்கார். அதுக்கு அவன் சொன்னானாம், 'பத்துப் பேர் வாங்கிட்டுப் போயிட்டாங்க, சார். ஆனா ஒருத்தர்கூடக் குறை சொல்லலே!'"

வக்கீல் அதில் தப்புச் செய்துவிட்டார். 1976-ல் ஏது ஓரணா? நான் சொல்வது பத்துப் பைசா. கூடத்துக்கு ஓடிப்போய்த் திருத்தலாமென்று காலை எடுத்து வைத்தேன். அப்போது என் மனைவி சிரித்தாள்.

அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. முதலில் ஒரு சின்னச் சத்தம். அப்புறம் அடக்க முடியாமல் பெரிதாக, இருமல் வரும்வரையில் சிரித்தாள். 44 வருஷங்களாக நண்பர்களையெல்லாம் சிரிக்க வைத்த என் கதைக்கு, என் மனைவி முதல் தடவையாகச் சிரிக்கிறாள். அந்த முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. எண்ணெயில் நாலு சமோசா கிடந்தன, சிவக்கிற பதம். அப்போது விட்டால் தீய்ந்துவிடும்.

தட்டோடு நான் போனபோது இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாவுக்கட்டுப் பிரித்து வெகு நாளாகிறது. அவள் கை சரியாகிவிட்டது. குளிர்காலத்தில் கொஞ்சம் வலிக்கும் என்கிறாள். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் குக்கரில் நாலு உருளைக்கிழங்கைப் போடுவது என் வேலை. மாவு பிசைவதும் நான்தான். மடிப்பது மட்டும் அவள். எனக்கு இன்னும் ஓரம் சரியாக ஒட்டவில்லை.

போன வாரம் யாரும் வரவில்லை. சாயங்காலம் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். "அந்த விழுப்புரம் கதையை நான் ஒரு தடவை முழுக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

என் மனைவி கொஞ்சம் யோசித்தாள்.

"வேண்டாங்க. வக்கீல் நல்லாவே சொன்னார்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "சரி, சொல்லுங்க. அடுப்பிலே ஒண்ணும் இல்லை" என்றாள்.